பச்சிளங் குழந்தை மருத்துவத்தில் பாதுகாப்பு ஊசிகள்

நமது நாட்டின் மருத்துவமனைகளில் பிறக்கும் குழந்தைக்கு, வீடு திரும்பும் முன்னரே மூன்று ஊசிகள் போடப்பட வேண்டும் என்பது நடைமுறை விதி. இரத்தக் கசிவைத் தடுக்கும் வைட்டமின் கே ஊசி ஒன்று. பிறந்த 24 மணி நேரத்திற்குள் போட வேண்டிய கல்லீரல் அழற்சி பி தடுப்பூசி மற்றொன்று. காசநோயைத் தடுக்கும் பி.சி.ஜி. ஊசி மூன்றாவது. குறைமாதத்தில் பிறந்தோ, எடை குறைந்தோ, நோய்வாய்ப்பட்டோ தீவிர சிகிச்சை பெறும் குழந்தைக்கு இவற்றோடு சிரைவழித் திரவம், நோய்க்கிருமி எதிர்ப்பு மருந்துகள், சர்க்கரைப் பரிசோதனை, இரத்தப் பரிசோதனை என்று நாளொன்றுக்குப் பல முறை ஊசி தேவைப்படுகிறது.

இவை யாவும் குழந்தையைக் காப்பதற்காகவே போடப்படுகின்றன. ஆயினும், குழந்தையின் உடலிலிருந்து வெளியே எடுக்கப்பட்ட நொடி முதல் கழிவுக் கொள்கலத்தைச் சேரும் வரை, அந்த ஊசி அதனைக் கையாளும் செவிலியருக்கும் மருத்துவருக்கும் அபாயமாகவே இருக்கிறது. இந்த இடைவேளையில் நேரும் ஊசிக் குத்தைத் தடுப்பதற்கென உருவாக்கப்பட்டவையே பாதுகாப்பு ஊசிச் சாதனங்கள். பெரியவர்களுக்கான சிகிச்சைப் பிரிவுகளில் இவை சிறிது சிறிதாக இடம்பெற்று வருகின்றன. பச்சிளங் குழந்தைப் பிரிவுகளிலோ இவற்றை ஏற்பதில் தயக்கம் மிகுதி. அத்தயக்கத்திற்குக் காரணங்கள் உண்டு. அவற்றை உணர்ந்து நீக்கினாலன்றி, சுற்றறிக்கைகளால் மட்டும் இச்சாதனங்கள் நிலைபெற்றுவிடா.

விரிவடைந்துள்ள பணி

மாவட்ட அளவில் நோயுற்ற பச்சிளங் குழந்தைகளுக்கான சிறப்புச் சிகிச்சைப் பிரிவு, மேற்கு வங்காளத்தின் புருலியா மாவட்டத்தில் 2003 ஆம் ஆண்டு நிறுவப்பட்டது. அதன் அனுபவம் நாடு முழுவதற்கும் வழிகாட்டியாயிற்று. இன்று இத்தகைய பிரிவுகள் 900 க்கும் மேற்பட்டு இயங்குகின்றன. ஆண்டுதோறும் பத்து இலட்சத்திற்கும் மேற்பட்ட குழந்தைகள் இவற்றில் சிகிச்சை பெறுகின்றன. பிறந்த 28 நாட்களுக்குள் இறக்கும் குழந்தைகளின் எண்ணிக்கை, ஆயிரம் பிறப்புகளுக்கு 2014 ஆம் ஆண்டில் 26 ஆக இருந்தது. 2020 ஆம் ஆண்டில் 20 ஆகக் குறைந்தது. 2030 ஆம் ஆண்டிற்குள் இதனை ஒற்றை இலக்கத்திற்குக் கொண்டுவருவது 2014 இல் தொடங்கப்பட்ட பச்சிளங் குழந்தைகளுக்கான தேசியச் செயல் திட்டத்தின் குறிக்கோள்.

சிகிச்சை விரிவடையும்போது ஊசிகளின் பயன்பாடும் பெருகுகிறது. ஊசி பெருகும்போது ஊசிக் குத்துக்கான வாய்ப்பும் பெருகுகிறது. குழந்தைகளின் உயிரைக் காக்கும் திட்டம் அதனை நிறைவேற்றும் ஊழியர்களின் உடல்நலத்தையும் காத்தாக வேண்டும். இவ்விரண்டையும் வேறு வேறாகப் பிரித்துப் பார்ப்பது பொருந்தாது.

ஊசிக் குத்தின் விளைவுகள்

நோயாளியின் இரத்தம் பட்ட ஊசி ஊழியரின் தோலைத் துளைத்தால் மூன்று வைரஸ் நோய்கள் முக்கியமாக அஞ்சத்தக்கவை. தடுப்பூசி போட்டுக்கொள்ளாத ஒருவருக்கு, கல்லீரல் அழற்சி பி நோயாளியின் இரத்தம் பட்ட ஊசி குத்தினால், நோய் தொற்றும் வாய்ப்பு 6 முதல் 30 சதவீதம் வரை உள்ளது. கல்லீரல் அழற்சி சி நோயில் இது ஏறத்தாழ 1.8 சதவீதம், எச்.ஐ.வி. கிருமியைப் பொறுத்தவரை ஏறத்தாழ 0.3 சதவீதம். கல்லீரல் அழற்சி பி கிருமி உலர்ந்த இரத்தத்திலும் ஏழு நாட்கள் வரை தொற்றும் ஆற்றலுடன் இருக்கக்கூடியது.

உலக சுகாதார நிறுவனத்தின் 2002 ஆம் ஆண்டு அறிக்கை, உலகிலுள்ள மூன்றரைக் கோடி சுகாதார ஊழியர்களுள் ஆண்டுதோறும் ஏறத்தாழ 30 இலட்சம் பேர் கூர்மையான கருவிகளால் இத்தகைய காயம் அடைகின்றனர் என மதிப்பிட்டது. இந்தியாவில் 2022 ஆம் ஆண்டில் ஏறத்தாழ 3 கோடிப் பேர் கல்லீரல் அழற்சி பி நோயுடனும், 55 இலட்சம் பேர் கல்லீரல் அழற்சி சி நோயுடனும் வாழ்ந்து வந்தனர் என்பது அந்நிறுவனத்தின் 2024 ஆம் ஆண்டு அறிக்கையின் மதிப்பீடு. இவர்களுள் பலர் தமக்கு நோய் இருப்பதையே அறியாதவர்கள். கருவுற்ற பெண்களும் இதற்கு விலக்கல்லர்.

பச்சிளங் குழந்தையின் இரத்தம் தூய்மையானது, அதனால் தீங்கு நேராது என்ற எண்ணம் ஊழியர்களிடையே ஓரளவு நிலவுகிறது. இது தவறானது. தாய்க்குள்ள தொற்று குழந்தைக்குப் பரவியிருக்கலாம். பிறந்த உடனே குழந்தையின் தோலில் தாயின் இரத்தமும் படிந்திருக்கும். தாயின் பரிசோதனை முடிவு கைக்கு வருமுன்னரே குழந்தைக்குச் சிகிச்சை தொடங்க வேண்டிய சூழ்நிலையும் அடிக்கடி நேர்கிறது. ஆகவே ஒவ்வொரு குழந்தையின் இரத்தத்தையும் தொற்றுக்கு இடமுள்ளதாகக் கருதியே கையாளுதல் வேண்டும்.

பணியிடத்தின் தனித்தன்மை

பச்சிளங் குழந்தைப் பிரிவில் ஊசியைக் கையாள்வது ஏன் கடினமானது என்பதை நிர்வாகிகள் அறிந்திருத்தல் நலம். ஒரு கிலோ எடையுள்ள குழந்தையின் உடலில் உள்ள இரத்தத்தின் அளவு ஏறத்தாழ 90 மில்லிலிட்டர் மட்டுமே. அதன் சிரைகள் நூலிழை போன்றவை. அழுது கைகால்களை உதறும் குழந்தையை ஒருவர் பிடித்துக்கொள்ள மற்றொருவர் ஊசியைச் செலுத்துகிறார். இருவரின் விரல்களும் ஊசி முனைக்கு மிக அருகில் இருக்கின்றன. குழந்தையைக் கிடத்தும் வெப்பமூட்டும் மேடையோ குறுகியது. பயன்படுத்திய ஊசியை அதன் ஓரத்தில் வைத்துவிட்டு அடுத்த வேலையைக் கவனிக்கும்போது, அது துணி மடிப்பில் மறைந்துவிடலாம். பின்னர் அது துணியை அகற்றும் துப்புரவுப் பணியாளரையோ, சலவைப் பணியாளரையோ, பாலூட்ட வரும் தாயையோ, குழந்தையையோ குத்தக்கூடும்.

இவற்றோடு மற்றொரு பழக்கமும் உண்டு. குழந்தையின் சிரையிலிருந்து இரத்தம் மிக மெதுவாகவே வரும். சிரிஞ்சால் இழுத்தால் மெல்லிய சிரை ஒட்டிக்கொள்ளும். ஆகவே ஊசியின் பிளாஸ்டிக் அடிப்பகுதியைக் கையால் ஒடித்து எறிந்துவிட்டு, உலோகக் குழலை மட்டும் சிரையில் செருகி, அதன் மறுமுனையிலிருந்து சொட்டும் இரத்தத்தைச் சிறு குப்பியில் பிடிப்பது பல பிரிவுகளில் நெடுங்காலமாக இருந்து வரும் முறை. செலவின்றி வேலை முடிகிறது என்பது இதன் கவர்ச்சி. ஆனால் ஒடிக்கும்போதும், இரு முனையும் திறந்த ஊசியை விரல்களால் பிடிக்கும்போதும், வெளியே எடுக்கும்போதும் குத்து நேர இடமுண்டு. இரத்தம் விரலில் வழிவதும் இயல்பு. தேவைக்கேற்ற கருவி கொடுக்கப்படாதபோது ஊழியர்கள் தாமே ஒரு வழியைக் கண்டுபிடித்துக்கொள்கின்றனர் என்பதற்கு இது சான்று. பழக்கத்தைக் கண்டிப்பதைவிட, அப்பழக்கத்தைத் தோற்றுவித்த தேவையை நிறைவு செய்வதே பயன் தரும். சிறு குழந்தைகளுக்கென அமைந்த இரத்த மாதிரி எடுக்கும் பாதுகாப்பு ஊசிகள் அத்தேவையை நிறைவு செய்கின்றன.

சாதனங்களின் வகைகள்

'பாதுகாப்பு' என்னும் சொல் இருவேறு பொருளில் வழங்குகிறது. இரண்டையும் குழப்பிக்கொள்ளலாகாது. ஒருமுறை பயன்படுத்தியபின் தானே செயலிழந்து, மீண்டும் பயன்படுத்த இயலாதவாறு அமைந்த ஏ.டி. சிரிஞ்சு ஒரு வகை. இது ஊசி போட்டுக்கொள்பவரைக் காப்பது. 2009 ஆம் ஆண்டு குஜராத்தின் மோடாசா பகுதியில் கல்லீரல் அழற்சி பி நோய் பரவி உயிர்கள் பலியானதற்குச் சிரிஞ்சுகளை மீண்டும் பயன்படுத்தியதே காரணமென அறியப்பட்டது. இத்தகைய கேட்டினை ஏ.டி. சிரிஞ்சு தடுக்கிறது. தேசியத் தடுப்பூசித் திட்டத்தில் இது இன்று வழக்கமாகிவிட்டது. ஆனால் ஏ.டி. சிரிஞ்சின் ஊசி முனை பயன்படுத்தியபின்னும் திறந்தே இருப்பதால், ஊசி போடும் செவிலியருக்கு அது காப்பளிப்பதில்லை.

ஊசிக் குத்திலிருந்து ஊழியரைக் காக்கும் அமைப்புடையது மற்றொரு வகை. இதில் ஊசி முனையை மூடும் உறையோ, ஊசியை உள்ளிழுத்துக்கொள்ளும் வில்லோ இணைக்கப்பட்டிருக்கும். இந்த அமைப்பு தானாக இயங்குவதாகவும் இருக்கலாம். ஊழியர் ஒரு பொத்தானை அழுத்தியோ உறையைத் தள்ளியோ இயக்க வேண்டியதாகவும் இருக்கலாம். தானாக இயங்கும் அமைப்பில் மறதிக்கு இடமில்லை. இயக்க வேண்டிய அமைப்பு, இயக்காமல் விடப்பட்டால் சாதாரண ஊசியேயாகும்.

பச்சிளங் குழந்தைப் பிரிவுக்கு முக்கியமானவை மூன்று. முதலாவது, மருத்துவமனை வழக்கில் 'வென்ஃப்ளான்' எனப்படும் சிரைக்குழாய். இதன் பாதுகாப்பு வகையில், ஊசியை வெளியே இழுக்கும்போதே ஓர் உலோகக் கவ்வி முனையை மூடிக்கொள்ளும். இரண்டாவது, குதிகாலில் இரத்தம் எடுக்கும் லான்செட். வில்லின் விசையால் குத்தி, உடனே முனையை உள்ளிழுத்துக்கொள்ளும் லான்செட் குறித்த ஆழத்திற்கு மேல் செல்லாது. குதிகாலில் 2.4 மில்லிமீட்டருக்கு மேல் ஆழம் செல்லலாகாது என்பது விதி. குறைமாதக் குழந்தைகளுக்கு அதனினும் குறைவாக இருக்க வேண்டும். ஆகவே இச்சாதனம் ஊழியரின் விரலைக் காப்பதோடு குழந்தையின் எலும்பையும் காக்கிறது, வலியையும் குறைக்கிறது. மூன்றாவது, தசையிலும் தோலடியிலும் மருந்து செலுத்துவதற்கான, உறையுடன் கூடிய ஊசி.

தயக்கத்தின் காரணங்கள்

நெடுநாள் பழகிய மருத்துவரும் செவிலியரும் புதிய சாதனத்தை ஏற்கத் தயங்குவதற்கு அலட்சியம் மட்டுமே காரணமன்று. நூலிழை போன்ற சிரையைத் தேடும் விரல்கள், ஊசி எந்த அளவு எதிர்ப்பைத் தருகிறது, சிரைக்குள் நுழைந்ததும் இரத்தம் எப்போது தலைகாட்டுகிறது என்பவற்றைப் பழக்கத்தால் உணர்ந்தவை. சாதனத்தின் பருமனோ பிடியோ மாறினால் அந்த உணர்வு மாறுகிறது. சில வகைகளில் இரத்தம் கண்ணுக்குத் தெரிவதில் சிறிது தாமதம் ஏற்படுகிறது. வில்லால் உள்ளிழுக்கும் சில வகைகளில் உண்டாகும் சிறு அதிர்ச்சி, அப்போதுதான் சிரையில் நுழைத்த மெல்லிய குழாயை நகர்த்திவிடக்கூடும். பச்சிளங் குழந்தைகளுக்கான மருந்தின் அளவு மிகச் சிறியது; பி.சி.ஜி. மருந்தின் அளவு 0.05 மில்லிலிட்டர் மட்டுமே. எனவே ஊசியின் அடியில் தேங்கி நிற்கும் துளி மருந்தும் கணக்கில் கொள்ள வேண்டியதாகிறது.

இந்த ஐயங்களை 'பழமையில் ஊறியவர்களின் முணுமுணுப்பு' என்று ஒதுக்குவது பெருந்தவறாகும். ஒரு முறை குறி தவறினால் குழந்தைக்கு மற்றொரு முறை குத்த வேண்டியிருக்கிறது. பயன்படக்கூடிய சிரைகளுள் ஒன்று வீணாகிறது. தம் விரலுக்கு நேரும் அபாயத்தைவிடக் குழந்தைக்கு நேரும் வேதனையையே பெரிதாகக் கருதுவது செவிலியரின் இயல்பு. ஆகவே, 'இச்சாதனம் உங்களைக் காக்கும்' என்று மட்டும் கூறுவது அவர்கள் மனத்தை மாற்றாது. 'இதனால் குழந்தைக்குத் தீங்கு நேராது' என்பதை அவர்கள் தம் கையாலேயே சோதித்து உணர வாய்ப்பளிக்க வேண்டும்.

ஏற்கச் செய்யும் வழி

முதற்படி, ஊசியின் தேவையையே குறைப்பதாகும். தோலின் மேல் வைத்தே மஞ்சள் காமாலையை அளக்கும் கருவி, பல இரத்தப் பரிசோதனைகளைத் தவிர்க்கிறது. இரத்தத்தில் உயிர்வளியின் அளவைத் தோலின் வழியே காட்டும் கருவியும் அவ்வாறே. ஒரு நாளில் தேவைப்படும் பரிசோதனைகளைத் திட்டமிட்டு ஒரே முறையில் இரத்தம் எடுப்பதும், சிரைக்குழாயில் ஊசியில்லா இணைப்பின் வழியே மருந்து செலுத்துவதும் குழந்தைக்கும் ஊழியருக்கும் ஒருங்கே நன்மை தருவன.

அடுத்த படி தேர்வு. கொள்முதல் அலுவலகம் தானே ஒரு சாதனத்தை முடிவு செய்து பெட்டி பெட்டியாக அனுப்புவது பெரும்பாலும் தோல்வியில் முடியும். பச்சிளங் குழந்தைகளுக்குரிய 24, 26 அளவுகளில் கிடைக்கும் இரண்டு அல்லது மூன்று வகைகளைத் தருவித்து, அப்பிரிவின் செவிலியரும் மருத்துவரும் முதலில் மாதிரி உருவங்களில் பயிற்சி செய்ய வேண்டும். பின்னர் தேர்ந்தவர்கள் நிறைமாதக் குழந்தைகளிடமும், அதன்பின் எடை குறைந்த குழந்தைகளிடமும் படிப்படியாகப் பயன்படுத்திப் பார்க்க வேண்டும். முதல் முயற்சியிலேயே சிரை கிடைத்ததா, எத்தனை முறை குத்த நேர்ந்தது, இரத்தம் சிந்தியதா, குழாய் நகர்ந்ததா, பாதுகாப்பு அமைப்பு இயங்கியதா என்னும் ஐந்து கேள்விகளுக்கான விடைகளை ஒரு சிறு படிவத்தில் குறித்து வந்தால், சில வாரங்களில் அப்பிரிவுக்குப் பொருந்தும் சாதனம் எது என்பது தெளிவாகும். தாமே தேர்ந்த கருவியை ஊழியர்கள் எளிதில் கைவிடுவதில்லை.

மூன்றாவது படி மாற்றம். பயிற்சி முடியுமுன் பழைய ஊசிகளை அகற்றிவிட்டால் இரவுப் பணியில் இருப்பவர்கள் திண்டாட நேரும். பயிற்சி முடிந்தபின்னும் பழையதையும் புதியதையும் ஒரே தட்டில் வைத்திருந்தால், அவசர நேரத்தில் கை பழகியதையே நாடும். எனவே பயிற்சிக்குரிய காலத்தை முன்கூட்டியே அறிவித்து, அது முடிந்ததும் பழையவற்றை அகற்றிவிடுதல் வேண்டும். மிகச் சிறிய குழந்தைகளுக்குப் பொருந்தும் பாதுகாப்புச் சாதனம் கிடைக்காத நேர்வுகளில் மட்டும், காரணத்தை எழுத்தில் குறித்து விலக்களிக்கலாம். அவ்விலக்கையும் அவ்வப்போது மறுபரிசீலனை செய்ய வேண்டும். புதிதாகப் பணியில் சேரும் பயிற்சி மருத்துவர்களும் மாணவச் செவிலியரும் முதல் நாளிலிருந்தே இச்சாதனத்தில் பழகுவார்களாயின், சில ஆண்டுகளில் அதுவே இயல்பான முறையாகிவிடும்.

சட்டமும் நிர்வாகமும்

அமெரிக்க ஐக்கிய நாடு 2000 ஆம் ஆண்டு நவம்பரில் ஊசிக் குத்துத் தடுப்புச் சட்டத்தை இயற்றியது. பாதுகாப்புச் சாதனங்களை வாங்குவதோடு, அவற்றைத் தேர்ந்தெடுப்பதில் நோயாளிகளைக் கவனிக்கும் ஊழியர்களின் கருத்தையும் கேட்க வேண்டும் என்று அச்சட்டம் வலியுறுத்தியது. அடுத்த ஆண்டிலேயே மருத்துவமனை ஊழியர்களின் ஊசிக் காயங்கள் ஏறத்தாழ 38 சதவீதம் குறைந்தன என்று ஆய்வாளர்கள் கண்டனர். ஐரோப்பிய ஒன்றியம் 2010 ஆம் ஆண்டில் இதற்கான ஆணையைப் பிறப்பித்தது. உலக சுகாதார நிறுவனம் 2015 ஆம் ஆண்டில் பாதுகாப்புச் சிரிஞ்சுகளுக்கான வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது.

இந்தியாவில் 2016 ஆம் ஆண்டின் உயிர்மருத்துவக் கழிவு மேலாண்மை விதிகள், கூர்மையான கழிவுகளைத் துளைக்க இயலாத வெண்ணிறக் கொள்கலத்தில் சேர்க்க வேண்டும் என்றும், கழிவைக் கையாளும் ஊழியர்களுக்குக் கல்லீரல் அழற்சி பி தடுப்பூசி போட வேண்டும் என்றும் விதித்துள்ளன. 2017 ஆம் ஆண்டின் எச்.ஐ.வி. மற்றும் எய்ட்ஸ் தடுப்புச் சட்டம், பாதுகாப்பான பணிச்சூழலை அளிக்கும் கடமையைச் சுகாதார நிறுவனங்களின் மீது சுமத்தியுள்ளது. தேசியத் தர உறுதி நெறிகளில் தொற்றுத் தடுப்பு ஒரு தனிப் பகுதி. 2021 ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட 'முஸ்கான்' திட்டத்தின் கீழ் குழந்தைச் சிகிச்சைப் பிரிவுகளின் தரம் மதிப்பிடப்படுகிறது. இந்த ஏற்பாடுகளை ஒருங்கிணைத்தால் பாதுகாப்பு ஊசிகளுக்குப் போதிய அடித்தளம் கிடைக்கும்.

பாதுகாப்புச் சாதனத்தின் விலை சாதாரண ஊசியின் விலையைவிடக் கூடுதல் என்பது உண்மையே. ஒப்பந்தப் புள்ளிகளில் மிகக் குறைந்த விலை மட்டுமே பார்க்கப்படுமானால் அதற்கு இடம் கிடைப்பது அரிது. ஆனால் ஒரு குத்து நேர்ந்தபின் ஆகும் பரிசோதனை, மருந்து, விடுப்பு, நோயுற்றால் பல்லாண்டுச் சிகிச்சை, பயிற்சி பெற்ற ஊழியரின் இழப்பு ஆகியவற்றையும் கூட்டிப் பார்ப்பதே முறையான கணக்கு. நிதி போதாத நிலையில், சிரைக்குழாய், இரத்தம் எடுக்கும் ஊசி ஆகிய உட்குழல் உள்ள ஊசிகளுக்கு முன்னுரிமை தரலாம். அவற்றில் இரத்தம் தங்குவதால் அபாயம் அதிகம்.

குத்திவிட்டால்

எத்துணை முன்னெச்சரிக்கை எடுத்தாலும் சிற்சில குத்துகள் நேரவே செய்யும். உடனே அவ்விடத்தைச் சோப்பும் நீரும் கொண்டு கழுவ வேண்டும். விரலைப் பிழிவதோ வாயில் வைப்பதோ கூடாது. நிகழ்ந்ததைப் பொறுப்பாளரிடம் தெரிவிக்க வேண்டும். எச்.ஐ.வி. தடுப்பு மருந்து தேவைப்பட்டால் இயன்றவரை இரண்டு மணி நேரத்திற்குள் தொடங்க வேண்டும். 72 மணி நேரம் கடந்தால் பயனில்லை. தொடர்ந்து 28 நாட்கள் உட்கொள்ள வேண்டும். கல்லீரல் அழற்சி சி நோய்க்குத் தடுப்பூசி இல்லை. எனினும் தொற்று கண்டறியப்பட்டால் குணமாக்கும் மாத்திரைகள் 2018 இல் தொடங்கிய தேசியக் கல்லீரல் அழற்சிக் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் இலவசமாக வழங்கப்படுகின்றன.

கவனக்குறைவு என்ற பழிச்சொல்லுக்கு அஞ்சிப் பலர் தமக்கு நேர்ந்த குத்தை மறைத்துவிடுகின்றனர். மறைக்கப்பட்ட ஒவ்வொரு குத்திலும் ஓர் ஊழியரின் சிகிச்சைக்குரிய மணித்துளிகள் வீணாகின்றன. எந்தச் சாதனம், எந்த வேளை, எந்த வேலை அபாயமானது என்று நிர்வாகம் அறிந்துகொள்ளும் வாய்ப்பும் இழக்கப்படுகிறது. குத்தைத் தெரிவித்தவரை யார் தவறு என்று கேளாமல், எப்படி நேர்ந்தது என்று கேட்கும் பண்பு வளர வேண்டும்.

பச்சிளங் குழந்தைப் பிரிவில் நள்ளிரவில் சிரை தேடும் செவிலியரின் கரங்களே அக்குழந்தைக்கு அரண். அக்கரங்களுக்கு ஏற்ற கருவியை அவரையே கலந்து தேர்ந்து, பழகப் போதிய அவகாசமும் தந்து, தடையின்றி வழங்குவது நிர்வாகத்தின் கடமை. கிடைத்த கருவியை முறையாகப் பயன்படுத்துவது ஊழியரின் கடமை. இவ்விரு கடமைகளும் ஒருங்கே நிறைவேறுமாயின், குழந்தையைக் காக்கும் ஊசி, அதைப் பிடித்த கையைக் காயப்படுத்தும் நிலை மாறும்.